அண்டாவும் ஆஸ்திரியாவும்

இருபத்துமூன்று வருஷமாக நான் செர்பியாக்காரர்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அவர்களும் என்னிடம் யோசனை கேட்டதில்லை. போர்ட் பிளேருக்கு வடக்கே உள்ள லாங் ஐலண்ட் தீவின் அரசுப் பள்ளியில், தமிழ்ப் பிரிவில் நான் சமூக அறிவியல் ஆசிரியர், பெயர் மு. பன்னீர்செல்வம். பத்தாம் வகுப்பு வரலாற்றில் ஸ்லாவ் தேசியவாதமும் வல்லரசுகளின் போட்டியும் ஒரு பாடத்தின் கடைசியில் வரும். ஐந்து மதிப்பெண். மற்றதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்து நடத்துகிற நான், இதை மட்டும் மனப்பாடமாக நடத்துவேன்.

நடத்துவேன் என்பதைவிட, கரித்துக்கொட்டுவேன் என்பதுதான் சரி. "பால்கன் என்று ஒரு பிரதேசம். பலவகை ஜனங்கள், பெரும்பாலும் ஸ்லாவ் இனம், ஒருவருக்கொருவர் பங்காளிகள். துருக்கிக்காரன் பிடி தளர்ந்ததும் ஆளுக்கொரு கொடி தூக்கினார்கள். அதோடு நின்றார்களா? உன் மலை என் மலை, உன் ஆறு என் ஆறு என்று அடித்துக்கொண்டார்கள். ஒருவன் ரஷ்யாவிடம் ஓடினான், இன்னொருவன் ஆஸ்திரியாவிடம் ஓடினான். பெரியவர்களுக்கு என்ன, வாடா ராஜா என்று தோளில் கையைப் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் உலகத்துக்கே தீ வைத்தார்கள்." இந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இத்தனூண்டு இடத்துக்கு இவ்வளவு சண்டையா, கேட்கிறேன்?" என்பேன்.

இதை நான் நின்று கேட்கிற ஊர், ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், இறங்கி ஒரு பீடி பற்றவைத்தால் அது அணைவதற்குள் பஜார் முடிந்துபோகிற ஊர். பங்கஜத்தைக் கல்யாணம் செய்து போர்ட் பிளேர்ப் பக்கத்துப் பெரார்கஞ்சிலிருந்து கூட்டிவந்தபோது, அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இவ்ளோதானா?" என்றாள். "பின்னாடி இன்னும் கொஞ்சம் இருக்கு" என்று சமாளித்தேன். பின்னால் இருந்தது காடு.

அந்தக் காட்டை நம்பித்தான் என் அப்பா திருவாடானைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தார். மரம் இழுக்கிற வேலை. அப்படியே வங்காளிகள், தெலுங்கர்கள், ராஞ்சிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். மர வேலை நின்றுபோனது, ஜனங்கள் நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஹிந்தி, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு சமுதாயக்கூடம், ஒரு அண்டா.

அந்த அண்டாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பித்தளை அண்டா, நானூறு பேருக்குச் சாம்பார் வைக்கலாம். மரக் கம்பெனி மூடிய வருஷம், இனி ஊர் இருக்குமா இருக்காதா என்று எல்லாரும் பயந்திருந்த நேரத்தில், நாலு ஜனமும் வீட்டுக்கு வீடு வசூல் செய்து வாங்கியது. துர்கா பூஜைக்கு அதில் கிச்சடி, பங்குனி உத்திரத்துக்குச் சாம்பார், தெலுங்கர் கல்யாணத்துக்குப் பப்பு, கிறிஸ்துமஸுக்கு ராஞ்சிக்காரர்களின் கோழிக்குழம்பு. சட்டம் ஒன்றே ஒன்று. யார் எடுத்தாலும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, கூடத்தில் கவிழ்த்து வைத்துவிட வேண்டும்.

போன வருஷம் ஆவணியில் அண்டாவின் உள்பூச்சு போய்விட்டது. புளி பட்டால் களிம்பு ஏறியது. போர்ட் பிளேருக்குக் கொண்டுபோய் ஈயம் பூசவேண்டும் என்று கூடிப் பேசினார்கள். எனக்கு அதே வாரம் போர்ட் பிளேரில் ஆசிரியர் பயிற்சி இருந்தது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். குறிப்பாகக் கௌதம் மண்டல் தட்டினார்.

கௌதம் பாபு வங்காளி, எங்கள் பள்ளியின் ஹிந்திப் பிரிவில் கணக்கு ஆசிரியர். குவார்ட்டர்ஸில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு இடுப்பளவுச் சுவர். பதினேழு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை ஜெட்டியில் தூண்டில் போட்டு அவர் பிடிக்கிற மீனில் பாதி அந்தச் சுவரைத் தாண்டி வரும். எங்கள் பக்கத்திலிருந்து இட்லி போகும். அவர் மனைவி ஸ்வப்னா, பங்கஜத்தைத் 'தீதி', அதாவது அக்கா என்று கூப்பிட்டு, அவளோடு உட்கார்ந்து தமிழ் சீரியல் பார்க்கிறவள். சீரியலின் பெயரைப் படிக்கவேண்டும் என்று பங்கஜத்திடம் தமிழ் எழுத்தே கற்றுக்கொண்டாள். என் மகள் ஹரிணிக்குக் கௌதம் பாபு 'காக்கு', அதாவது சித்தப்பா. அவள் வளர்ந்ததே பாதி அவர் வீட்டில்தான்.

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில் நூர்முகம்மது பாயின் பாத்திரக் கடையில் அண்டாவை இறக்கினேன். கீழக்கரைக்காரர், அப்பா காலத்துப் பழக்கம். மூன்றாம் நாள் போனபோது அண்டா உள்ளே வெள்ளிமாதிரி மின்னியது. பாய் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"பேரு என்ன வெட்டணும், மாஸ்டர்?"

இந்த இடத்தில் வேறு ஜனமாக இருந்தால் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிக் கிளம்பியிருக்கும். நாம் அப்படியா? கல்யாணச் சீரில் வந்த டம்ளரிலிருந்து செத்தவர் ஞாபகமாகக் கொடுத்த கிண்ணிவரை பெயர் வெட்டாத பாத்திரம் நம் வீட்டில் உண்டா? பெயரில்லாத பாத்திரத்தைக் கடையைவிட்டு வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை. அதோடு நான் லாங் ஐலண்ட் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். யாரும் எடுத்துக்கொள்ளாத பதவி. ஆனால் ரப்பர் ஸ்டாம்பு உண்டு.

"தமிழ்ச் சங்கம், லாங் ஐலண்ட்னு போடுங்க, பாய்."

"பொது அண்டான்னீங்களே?"

"பொதுதான். நம்ம பேர் இருந்தா பத்திரமா இருக்கும்ல?"

பாய் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மெஷின்ல எழுதவா, உளியில வெட்டவா? மெஷின் எழுத்து தேய்க்கத் தேய்க்கப் போயிரும். உளின்னா பேரப்புள்ளைக காலத்துக்கும் நிக்கும்."

"உளியிலயே வெட்டுங்க" என்றேன். பிறகு, இடம் நிறைய இருக்கிறதே என்று, "கீழே 'செயலாளர் மு. பன்னீர்செல்வம்'னும் போட்டுருங்க" என்றேன். போட்டில் வரும்போது நாலு தடவை தார்ப்பாயை விலக்கிப் பார்த்துக்கொண்டேன். அழகான எழுத்து.

ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆட்கள், அவர்கள் கவனிக்கவில்லை. கவனித்த இரண்டு பேர் மனசுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். பூஜைக்கு ஒரு வாரம் இருக்கும்போது பெண்கள் கூடத்தில் பாத்திரம் கழுவினார்கள். ஸ்வப்னா அண்டாவைத் திருப்பினாள், எழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஒரே குஷி. "பங்கஜம் தீதி, நான் படிக்கிறேன், நான் படிக்கிறேன்" என்று விரலை வைத்து எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். தமிழ்ச் சங்கம். லாங் ஐலண்ட். பங்கஜம் கை தட்டினாளாம். அந்த உற்சாகத்தில் என் பெயரையும் படித்து முடித்தாள். அதன் பிறகுதான் தான் படித்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. சுற்றி இருந்த பதினைந்து பெண்களுக்கும் உறைத்தது.

சாயங்காலம் கௌதம் பாபு சுவரருகே வந்தார். கையில் மீன் இல்லை.

"செல்வம் தா, அண்டா மே க்யா லிக்வாயா ஆப்னே?" செல்வம் அண்ணா, அண்டாவில் என்ன எழுத வைத்தீர்கள் என்று கேட்கிறார்.

"சும்மா ஒரு அடையாளம், கௌதம் பாபு. ஹம் லோக் கா ஆதத் ஹை." எங்கள் ஆட்களின் பழக்கம் என்றேன்.

"உங்கள் வீட்டுப் பாத்திரத்தில் வெட்டுங்கள். வோ தோ சப்கா ஹை. மிடா தோ, பஸ்." அது எல்லாருடையது, அழித்துவிடுங்கள், அவ்வளவுதான் என்றார்.

உண்மையில் அவ்வளவுதான். "தப்பாகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுநாள் மீன் வந்திருக்கும். ஆனால் என்னிடம் ரப்பர் ஸ்டாம்பு இருந்ததே! "சங்கம் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும்" என்றேன். சங்கம் என்பது என்னையும் சேர்த்து ஐந்து பேர், அதில் ஒருவர் கண் ஆபரேஷனுக்கு மெயின்லேண்ட் போயிருந்தார். கூடினோம். தன்மானம் என்ற சொல் பதினோரு தடவை வந்தது. அதில் ஒன்பது தடவை சொன்னது நான்.

மறுநாள் அண்டாவின் மறுபக்கத்தில் சிவப்புப் பெயிண்டில் வங்காளி எழுத்து: துர்கா பூஜா சமிதி. தெலுங்கர்கள் வந்து இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் ராஜவேல் அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். ராஜவேல் போர்ட் பிளேரில் பெரிய காண்ட்ராக்டர், தீவுத் தமிழர் முன்னணி என்று ஒன்றுக்குத் தலைவர். தலைப்பு: 'லாங் ஐலண்டில் தமிழர் உரிமை பறிப்பு'. மூன்றே நாளில் போட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் வந்து இறங்கியது. 'அண்டா எங்கள் உரிமை' என்று எழுதி, அண்ணன் படம் கதவு உயரத்துக்கு. ஓரத்தில் ஒரு அண்டா படம், அதுவும் அலுமினிய அண்டா. கௌதம் பாபுவின் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. போர்ட் பிளேரில் இருக்கிற ஒரு வங்காளித் தலைவர் அவர்களுக்கு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டி அனுப்பினார். ஒரு சாயங்காலம் இரண்டு பக்கமும் பாட்டுப் போட்டதில் ஜெட்டியில் நின்ற நாய்கள் நீந்திப் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

எங்கள் பஞ்சாயத்துத் தலைவரான பிரதான் ஒரு ராஞ்சிக்கார அம்மா, எல்லாரும் தீதி என்போம். அவர் யாரையும் திட்டவில்லை. வந்தார், அண்டாவைக் கூடத்து ஸ்டோர் ரூமில் தள்ளினார், பூட்டினார், சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "செல்வம் மாஸ்டரும் கௌதம் மாஸ்டரும் சேர்ந்து வந்து கேட்டால் திறப்பேன். தனித்தனியாக வந்தால் டீ மட்டும் கொடுப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூஜைக் கிச்சடி அந்த வருஷம் வீட்டுக் குக்கர்களில் வெந்தது. அதை என் வெற்றி என்று நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு ஒரு கேசரிகூடச் செய்யச் சொன்னேன். பங்கஜம் செய்யவில்லை.

இதற்கு நடுவில் அரையாண்டுத் தேர்வுக்குத் திருப்புதல். அதே பாடம். ஆஸ்திரியா பாஸ்னியாவை விழுங்கியதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு வருஷமும் உண்மையாகவே கோபம் வரும், அந்த வருஷமும் வந்தது. எங்கள் ஊர்க் கடைக்காரர் ஒருவரின் மகள் பஸீலா எழுந்து நின்றாள். வகுப்பில் கெட்டிக்காரி அவள்தான்.

"சார், 1878-ல பாஸ்னியாவை ஆஸ்திரியா பாத்துக்கத்தானே வாங்குச்சு?"

"ஆமாம். நிர்வாகம் மட்டும். சொந்தம் துருக்கிக்குத்தான்."

"அப்புறம் 1908-ல தன் பேரை எழுதிக்கிச்சு."

"ஆமாம். அதுதான் அயோக்கியத்தனம்."

"பாத்துக்கச் சொன்னா பாத்துக்க வேண்டியதுதானே சார், ஏன் பேர் எழுதணும்?"

பின்பெஞ்சில் ஒருத்தன் நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். பஸீலாவின் முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "அது மூணு மார்க் கேள்வி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு, பெல் அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வெளியே வந்துவிட்டேன்.

ஹரிணிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரங்கத் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் அவள். மாப்பிள்ளை வெங்கடேஷ், பெரார்கஞ்ச், மின்சாரத் துறை. கார்த்திகை வெள்ளிக்கிழமை முகூர்த்தம், எங்கள் ஊர்க் கூடத்தில். பத்திரிகை அச்சாகி வந்ததும் நான் ஊர் முழுக்கக் கொடுத்தேன், பக்கத்து வீட்டைத் தவிர. அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். பத்திரிகை கொடுக்கவேண்டியவன் வீட்டில் வந்து எதைக் கேட்பார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பங்கஜம் ஒரு பத்திரிகையில் 'கௌதம் தம்பி, ஸ்வப்னா' என்று எழுதி என் மேஜைமேல் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

"சமையலுக்கு அண்டா?" என்றாள்.

"ராஜவேல் அண்ணன் நாலு அண்டா அனுப்புறேன்னு வாக்குக் கொடுத்திருக்கார்."

"உங்க பேரு வெட்டின அண்டா இருபதடி தூரத்துல கிடக்கு. அவரு போட்ல அனுப்புறாராக்கும்" என்றாள் பங்கஜம்.

வியாழக்கிழமை காலை போட் வந்தது. கல்யாணத்துக்கு முன் அதுதான் கடைசி. மாப்பிள்ளை வீட்டார் இறங்கினார்கள், நாற்பது பேர். பெரார்கஞ்ச் சமையல்காரர் இரண்டு நீளக் கரண்டியோடு இறங்கினார். பூ இறங்கியது, வாழையிலை இறங்கியது. அண்டா இறங்கவில்லை. நான் போட்டுக்குள் ஏறிச் சீட்டுக்கு அடியில்கூடப் பார்த்தேன். அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, மன்னிச்சுக்கங்க, இங்க நாளைக்கு நமக்கும் வங்காளி சமிதிக்கும் ஒத்துமை விருந்து. அண்டாவெல்லாம் அதுக்குப் போயிருச்சு. அந்த அண்டாப் பிரச்னையை நீங்களும் பெரிசு பண்ணாதீங்க. நாங்க மேல பேசி முடிச்சுட்டோம்."

என்ன பேசி முடித்தார்கள், யாருக்கு எந்த காண்ட்ராக்ட், எனக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் படம் வந்தது. ராஜவேல் அண்ணனும் ஸ்பீக்கர் பெட்டி அனுப்பிய அந்தத் தலைவரும் ஒரே சால்வைக்குள் நின்று சிரித்தார்கள். 1909-ல் ரஷ்யா செர்பியாவைக் கைவிட்டதை நான் வருஷா வருஷம் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவேன். அந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு இருக்கிறது என்று ஜெட்டியில் நின்றபோது தெரிந்தது. பக்கத்தில் சமையல்காரர் நின்றுகொண்டு, "அண்டா எங்க சார் இருக்கு? இப்பவே தண்ணி கொதிக்கவச்சுப் பாக்கணும்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். ஹரிணி நலங்கு வைத்த மஞ்சள் முகத்தோடு என் மேஜை அருகே நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் அந்தப் பத்திரிகை.

"காக்குவுக்குக் கொடுக்கலையாப்பா?"

நான் மேஜைமேல் கிடந்த நோட்டுகளை அடுக்கினேன்.

"சாம்பார் இல்லாட்டிப் போகுது. எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கலாம். காக்கு இல்லாம நான் மணையில உக்கார மாட்டேன். நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?"

நாற்பது பேர் மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் பூசிய பெண் வீட்டைவிட்டு இறங்கிப் பக்கத்து வீட்டு வாசலில் நின்றால் என் மானம் என்ன ஆகும் என்றுதான் முதலில் யோசித்தேன். அப்போதும் மானம்! பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பத்திரிகையை ஒரு கையிலும், பள்ளித் தச்சு அறையிலிருந்து எடுத்த அரத்தை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு போனேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவையாகச் சுவர்ப் பக்கமாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வாசல்வழியாகப் போனேன். கௌதம் பாபு திருத்திக்கொண்டிருந்த கணக்குத் தாள்களிலிருந்து நிமிர்ந்தார். என் கையில் அரத்தைப் பார்த்ததும் ஸ்வப்னா உள்ளேயிருந்து பதறிக்கொண்டு வந்தாள். இரண்டு மாதமாகப் பேசாதவன் அரத்தோடு வந்தால் யார்தான் பதற மாட்டார்கள்?

"கல்தி மேரா ஹை, கௌதம் பாபு" என்றேன். தப்பு என்னுடையது.

அவர் பத்திரிகையை வாங்கிப் பார்த்தார். "ஹரிணியின் கல்யாணத் தேதி எனக்குப் பஜாரில் தெரிந்தது" என்றார். "வெற்றிலைக் கடையில். நான் வெற்றிலை வாங்கிக்கொண்டு நிற்கிறேன், யாரோ யாருக்கோ சொல்கிறார்கள்." "தமிழில் எழுதியது எனக்கு வலிக்கவில்லை, செல்வம் தா. கேட்டிருந்தால் நானே வெட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருப்பேன்."

சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். பிரதான் தீதி எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும், முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தார்.

அண்டாவை வெளியே உருட்டினோம். கௌதம் பாபு ஒரு துணியில் மண்ணெண்ணெயை நனைத்துத் தேய்த்தார். சிவப்பு எழுத்து இரண்டு நிமிஷத்தில் போய்விட்டது. அவர்கள் பெயிண்டில் எழுதியிருந்தார்கள், நான் உளியால் வெட்டியிருந்தேன். நூர்முகம்மது பாய் நேர்மையான வியாபாரி, பேரப்பிள்ளைகள் காலத்துக்கு என்றால் பேரப்பிள்ளைகள் காலத்துக்குத்தான். அரத்தைப் போட்டு ராவினேன். வேர்த்துக் கொட்டியது. மாப்பிள்ளை வீட்டார் காபி டம்ளரோடு வந்து வட்டம் கட்டி நின்றார்கள். பெண்ணின் அப்பா முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவை ஏன் அறுக்கிறார் என்று ஒரு பெரியவர் கேட்டார். "எங்க ஊர்ச் சடங்கு" என்றாள் பங்கஜம்.

ஒரு மணி நேரத்தில் 'தமிழ்ச் சங்கம்' போனது. 'லாங் ஐலண்ட்' போனது. இரண்டாவது வரியில் அரத்தை வைத்தேன். கௌதம் பாபு என் கையைப் பிடித்தார்.

"யே மத் மிடாவோ." இதை அழிக்காதீர்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்ன இருந்தாலும் பதினேழு வருஷச் சிநேகிதம், என் பெயரை அழிக்க மனசு வரவில்லை என்று நினைத்தேன். "வேண்டாம், கௌதம் பாபு, எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்றுகூடச் சொன்னேன்.

"தகுதி இருக்கிறது" என்றார். "நாளைக்கு யார் கேட்டாலும் இந்த வேலையைச் செய்தது யார் என்று தெரிய வேண்டும். பேர் இருக்கட்டும். ஒரே ஒரு ஷரத்து. இனிமேல் இந்த ஊரில் யார் வீட்டு விசேஷமானாலும், அண்டாவை யார் எடுத்தாலும், தேய்த்துக் கவிழ்த்து வைப்பது நீங்கள்."

'செயலாளர்' என்பதை மட்டும் ராவிவிடச் சொன்னார். ராவினேன்.

சாம்பார் நன்றாக வந்தது. பெரார்கஞ்சுக்காரர்கள் இன்னமும் பேசுகிறார்கள். ஹரிணிக்கு மாலை எடுத்துக் கொடுத்தது அவள் காக்கு. அடுத்த போட்டில் அவள் ஏறினபோது என்னிடம் அழாமல் பேசிவிட்டு, அவரிடம் போய் அழுதாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கூடத்துப் பின்னால் குந்தி உட்கார்ந்து அடிப்பிடித்த அண்டாவைத் தேய்த்தேன். கௌதம் பாபு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நான் கேட்டபோதெல்லாம் தண்ணீர் ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை சுவரைத் தாண்டிப் பாதி மீன் வந்தது.

ஊரில் இப்போது அதை யாரும் அண்டா என்று சொல்வதில்லை. "பன்னீர்செல்வம் கிஸ்கே பாஸ் ஹை?" என்று கூடத்து மைக்கிலேயே கேட்கிறார்கள். யாரிடம் இருக்கிறது என்று அர்த்தம். பன்னீர்செல்வத்தை அடுப்பில் ஏற்று என்கிறார்கள், பன்னீர்செல்வத்தை நாலு பேர் பிடித்து இறக்குங்கள் என்கிறார்கள். ராஞ்சிக்காரர்கள் கிறிஸ்துமஸுக்குப் பன்னீர்செல்வத்தில் கோழி சமைத்தார்கள். ஹரிணி போன் செய்தால் முதலில் கேட்பது, "அப்பா, உங்களைத் தேச்சாச்சா?" என்றுதான். பாடத்தில் செர்பியா வந்தால் நான் இப்போது கண்ணாடியைக் கழற்றுவதில்லை. புத்தகத்தைப் பார்த்துத் தலை குனிந்தபடியே வாசித்துவிடுகிறேன்.

போன வாரம் தேய்க்கும்போது பார்த்தேன். ஒரு வருஷப் புளியும் சாம்பலும் பட்டதில் எழுத்து லேசாக மங்கியிருந்தது. கௌதம் பாபுவிடம் காட்டினேன், ரொம்ப நாசூக்காகத்தான் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "அச்சா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கூட்டம் போட்டார். தமிழர், வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். நான் அடுத்த தடவை போர்ட் பிளேர் போகும்போது அண்டாவை எடுத்துக்கொண்டு போய், நூர்முகம்மது பாயிடம் அதே பெயரை, அதே உளியால், இன்னும் ஆழமாக வெட்டிக்கொண்டு வரவேண்டும் என்று தீர்மானம். இந்தத் தீவில் நாலு ஜனமும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றிய முதல் தீர்மானம் அதுதான். நானும் கை தூக்கினேன்.